ஜன்னலிடுக்கில் இரண்டு குப்பி

எசென்குல்லை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. ஒன்பது வருடம் வீடு வீடாக ஏறி கரண்ட் மீட்டர் பார்த்தவள் நான். மீட்டர் பக்கம் போவதற்கு முன்பே "வாங்க, முதல்ல டீ குடிங்க" என்று சொல்கிற வீட்டில், மீட்டருக்குப் பின்னால் கண்டிப்பாக ஒரு திருட்டுக் கம்பி இருக்கும். எசென்குல் வகுப்புக்கு வந்த அன்றே, ஃபிளாஸ்க்கைத் திறந்து எனக்குத்தான் முதலில் பால் டீ ஊற்றிக் கொடுத்தார்.

மீட்டரெல்லாம் தானாகவே கணக்குச் சொல்ல ஆரம்பித்ததும் எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். முப்பத்து மூன்று வயதில் ஃபெல்ட்ஷர் படிப்பில் சேர்ந்தேன். தொலோன் கணவாய்க்கு இந்தப் பக்கம் டாக்டர்கள் குறைவு. ஆம்புலன்ஸில் ஏறி வந்து ஊசி போடுவது, மூச்சு நின்றால் மூச்சுக் கொடுப்பது, குழந்தை பிறந்தால் ஏந்துவது எல்லாமே ஃபெல்ட்ஷர்தான்.

எசென்குல்லுக்கு நாற்பத்து நான்கு வயது. படிக்க வருவதற்கு முன் என்ன வேலை பார்த்தார் என்று யாரிடமும் சொல்லவில்லை. நான் விடுவேனா? இரண்டே வாரத்தில் தோண்டி எடுத்துவிட்டேன். நகராட்சியில் தெருநாய்களை ஊசி போட்டுக் கொல்லும் வண்டியில் ஏழு வருடம் இருந்திருக்கிறார். அன்றிலிருந்து வகுப்பு முழுக்க அவருக்கு நாய்க்காரர் என்று பெயர். பரப்பியது நான்தான், மறுக்கவில்லை. கல்லூரி முதல்வர் அவரைச் சேர்த்துக்கொண்டபோதே ஒரு நிபந்தனை போட்டிருந்தாராம்: மருந்து விஷயத்தில் ஒரே ஒரு புகார் வந்தாலும் வெளியே போகவேண்டியதுதான். அதையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

எங்களுக்குப் பாடம் எடுத்தது சுலைக்கா அக்கா. வாரத்தில் இரண்டு மதியம் வகுப்பு, மற்ற நாட்களில் ஆம்புலன்ஸில் எங்கள் குழுவுக்குத் தலைவி. ரப்பர் பொம்மையின் தொண்டையில் நாங்கள் குழாய் இறக்குவதைப் பார்த்துக்கொண்டே திட்டுவார்.

"உள்ள போயிடுச்சுன்னு சந்தோஷப்படாதே. எங்க போச்சு? நுரையீரலுக்கா, வயித்துக்கா? நெஞ்சு ஏறி எறங்கற வரைக்கும் அது வயித்துலதான் இருக்குன்னு நினை. குப்பியை மூணு தடவை படி. எடுக்கறப்ப, உடைக்கறப்ப, ஏத்தறப்ப. எழுத்து அழிஞ்ச குப்பியா? தூக்கிக் குப்பையில போடு. யாரையும் எதையும் நம்பாதே."

இந்தப் படிப்பு எனக்காகவே உண்டாக்கினது போல இருந்தது.

ஒரு நாள் அக்கா ஒரு குப்பியைத் தூக்கிக் காட்டினார். "டிட்டிலின். தசையெல்லாம் செத்துப்போன மாதிரி ஆக்கிடும். டாக்டர் குழாய் போடறதுக்கு முன்னாடி தூக்க மருந்தோட சேர்த்துக் குடுப்பார். தனியா குடுத்தா என்ன ஆகும்? யாருக்காவது தெரியுமா?"

பின் பெஞ்சிலிருந்து எசென்குல் மெதுவாகச் சொன்னார். "முதல்ல இமை துடிக்கும். அப்புறம் கன்னம், தோள், கெண்டைக்கால். தோலுக்கு அடியில புழு ஓடற மாதிரி. ஒரு நிமிஷத்துக்குள்ள எல்லாம் அடங்கிடும். கண்ணு மட்டும் திறந்திருக்கும்."

"நினைவு?"

"இருக்கும். மூச்சுதான் இருக்காது."

"எவ்வளவு நேரம்?"

"கொஞ்சமாப் போட்டா அஞ்சு, ஆறு நிமிஷம். அதுக்கப்புறம் மருந்து தானா முறிஞ்சிடும்."

நான் திரும்பி உட்கார்ந்தேன். "முறியறது உங்களுக்கு எப்படி அண்ணே தெரியும்? நாய் செத்துத்தானே போகும்?"

"ஒண்ணு சாகலை" என்றார். புத்தகத்தில் அரைப் பக்கம் இருந்ததை இந்த ஆள் கண்ணால் பார்த்திருக்கிறார் என்று எனக்கு உடம்பு கூசியது. இவரை எவன் உயிர்காக்கும் வண்டியில் ஏற்றினான் என்று வயிறு எரிந்தது.

ஜனவரியில் எங்கள் இருவரையும் ஒரே ஆம்புலன்ஸில் பயிற்சிக்குப் போட்டார்கள். வெளியே மைனஸ் இருபத்தெட்டு. ஆம்புலன்ஸ் நிலையத்தின் குளிர்சாதனப் பெட்டி கெட்டுப்போய் மாதக்கணக்காகிவிட்டது. கெட்டுப் போனதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. குளிர்காலத்தில் எங்கள் ஊரில் இரட்டை ஜன்னலின் இரண்டு கண்ணாடிக்கும் நடுவே உள்ள இடுக்குதான் குளிர்சாதனப் பெட்டி. வெண்ணெய், குதிரைக் கறித் தொத்திறைச்சி, டிரைவரின் மீன் என்று எல்லாம் அதற்குள் இருக்கும். அதே இடுக்கில் ஒரு சிறிய அட்டைப்பெட்டியில் இரண்டு டிட்டிலின் குப்பிகள். சூட்டில் வீணாகிற மருந்து அது. மாவட்டத்திலிருந்து பெரிய வண்டியில் டாக்டர் வந்தால் தேவைப்படும் என்று வைத்திருந்தார்கள். பூட்டு கிடையாது.

முதல் வாரம் முழுக்க எசென்குல்லைக் கவனித்தேன். மூச்சுப் பை என்று ஒன்று உண்டு. ரப்பர் பை, முனையில் முகமூடி. கையால் அமுக்கினால் காற்று உள்ளே போகும். அதை அவர் தோளிலிருந்து இறக்கவே மாட்டார். மூக்கில் ரத்தம் வருகிற பிள்ளையைப் பார்க்கப் போனாலும் தோளில் அந்தப் பை. கழிப்பறைக்குக்கூட அதோடுதான் போனார். பைக்குள் வேறு ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தோன்றிவிட்டது. ஆள் இல்லாத நேரம் பார்த்து உள்ளே கையை விட்டுத் துழாவினேன். ஒன்றும் இல்லை. அதனால் சந்தேகம் குறைந்ததா என்றால், கூடியது. ஒன்றுமே கிடைக்காத வீடுதான் பெரிய திருட்டு வீடு என்பது என் மீட்டர் அனுபவம்.

அடுத்த திங்கள் காலையில் பொறி வைத்தேன். யாரும் வருவதற்கு முன்பே ஜன்னலைத் திறந்து, இரண்டு டிட்டிலின் குப்பிகளையும் எடுத்து என் கம்பளிச் சட்டையின் உள்பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். இனி யார் ஜன்னலைத் தேடி வருகிறார்களோ அவர்கள்தான் கள்ளன். பிடித்துச் சுலைக்கா அக்காவிடம் ஒப்படைத்துவிட்டுக் குப்பிகளைத் திரும்ப வைத்துவிடலாம்.

பத்து மணிக்கு எசென்குல் ஜன்னல் பக்கம் வந்தார். உள்ளே கையை விட்டார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றேன். ஒரு வெண்ணெய்ப் பொட்டலத்தை எடுத்தார். பெட்டியை லேசாக நகர்த்திவிட்டு, என்னைப் பார்த்ததும், "ரொட்டி இருக்கு, வர்றியா புருல்?" என்று கேட்டார்.

"நகர்த்தினீங்களே, என்ன அது?"

"எது?"

"ஒண்ணுமில்லை."

நல்ல நடிகர் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நிமிடமே அழைப்பு மணி அடித்தது.

குளிர்காலத்தில் எங்கள் வண்டிக்கு ஒரு வழக்கம் உண்டு. உப்புநீர்க் குப்பிகள் வண்டிப் பெட்டியில் இருந்தால் உறைந்துவிடும். அதனால் ஊசி போடுகிறவர் நான்கைந்து குப்பிகளை உள்பாக்கெட்டில் வைத்துக்கொள்வார், உடம்புச் சூட்டுக்கு. அன்று ஊசி என் முறை. ஓடுகிற ஓட்டத்தில் உப்புநீர்க் குப்பிகளை அள்ளி அதே பாக்கெட்டில் போட்டேன். எல்லாம் ஒரே அளவுக் கண்ணாடி. எழுத்து வெறும் மையில் அச்சிட்டது. ஜன்னலில் சில்லிட்டுக் கிடந்த குப்பி பாக்கெட் சூட்டில் வியர்க்கும், கம்பளியில் உரசும், மை அழியும். இதெல்லாம் இப்போது எனக்குத் தெரிகிறது.

அழைத்தவர் பயாலி. பாலத்துக்கு அந்தப் பக்கம் டயர் கடை வைத்திருப்பவர், ஐம்பத்தைந்து வயது, தோள் அகலமான மனிதர். சிறுநீரகக் கல். கம்பளத்தில் உருண்டு புரண்டு கொண்டிருந்தார். வலியிலும் வாய் ஓயவில்லை.

"வந்துட்டீங்களா? நான் பிள்ளை பெத்து முடிச்சப்புறம் வருவீங்கன்னு நினைச்சேன்!"

"பொம்பளைங்க பத்து தடவை படறதை ஒரு தடவை படு" என்றாள் அவர் மனைவி சீனாரா.

சுலைக்கா அக்கா அவர் விலாவைத் தட்டிப் பார்த்தார். "கல்லுதான். புருல், வலி மருந்து ஒரு குப்பி, உப்புநீர் ரெண்டு குப்பி, கலந்து நரம்புல ஏத்து. மெதுவா. எசென்குல், ரத்த அழுத்தம் பாரு. நான் ஆஸ்பத்திரியில படுக்கை கேக்கறேன்." செல்போனுக்கு அலை கிடைக்கிற முன் அறைக்குப் போனார்.

வலி மருந்தை உறிஞ்சினேன். பாக்கெட்டில் கையை விட்டு உப்புநீர் என்று இரண்டு குப்பிகளை எடுத்தேன். ஒன்றில் எழுத்து இருந்தது. இன்னொன்றில் எதுவும் இல்லை. அழிந்த குப்பியைக் குப்பையில் போடு என்ற குரல் காதில் கேட்டது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் அது வேறு யாருடைய பெட்டியிலிருந்தோ வந்த குப்பி இல்லையே. என் பாக்கெட்டிலிருந்து நான் எடுத்தது. என்னையே நான் ஏன் சந்தேகப்படவேண்டும்? உடைத்தேன், உறிஞ்சினேன், நரம்பில் ஏற்றினேன்.

சிரிஞ்சில் முக்கால்வாசி போயிருக்கும். பயாலி என்னிடம், "உன் கை சில்லுனு இருக்கு தங்கச்சி, கல்யாணம்..." என்று ஆரம்பித்தார். வாய் குழறியது. இடது இமை துடித்தது. கன்னம் துடித்தது.

"நிறுத்து!" என்று எசென்குல் கத்தினார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. "ஊசியை எடு. என்ன போட்ட?"

"உப்புநீர்..."

பயாலியின் கெண்டைக்கால் சதை தோலுக்கடியில் நெளிந்தது. பிறகு அடங்கியது. தலை பக்கவாட்டில் சாய்ந்தது. கண்கள் திறந்தே இருந்தன. நெஞ்சு அசையவில்லை.

அப்போது நான் கத்தினேன். இன்றைக்கும் அந்தச் சத்தம் என் காதில் இருக்கிறது. "நாய்க்காரா! என்னத்தைக் கலந்த? கொன்னுட்டியேடா!"

சீனாரா அலறினாள். எசென்குல் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்குள் தோளிலிருந்த பையை இறக்கி, பயாலியின் தலைமாட்டில் மண்டியிட்டு, தலையைப் பின்னால் சாய்த்து, தாடையை மேலே தூக்கி, முகமூடியை ஒரு கையால் அழுத்திப் பிடித்திருந்தார். மறு கையால் பையை அமுக்கினார். நெஞ்சு ஏறியது. விட்டார், இறங்கியது. மறுபடியும்.

பயாலியின் காதுக்குப் பக்கத்தில் குனிந்தார். "அண்ணே, நான் பேசறது கேக்குதுன்னு தெரியும். பயப்படாதீங்க. கை கால் வராது, மூச்சு வராது, ஆனா எல்லாம் திரும்பி வரும். ஆறு நிமிஷம். அதுவரைக்கும் உங்க மூச்சை நான் விடறேன்." பிறகு சீனாராவிடம், "அக்கா, கடிகாரத்தைப் பாருங்க. ஒவ்வொரு நிமிஷமும் சத்தமாச் சொல்லுங்க" என்றார்.

சுலைக்கா அக்கா ஓடி வந்தார். ஒரே பார்வையில் புரிந்துகொண்டார். பயாலியின் விரலில் ஆக்சிஜன் அளவு காட்டும் கருவியை மாட்டினார். தொண்ணூற்று நான்கு. நெஞ்சில் காது குழலை வைத்துக் கேட்டார்.

"டிட்டிலின்" என்றார். "காலையில ஜன்னல் பெட்டி காலியா இருந்தது. பார்த்தேன். யார் முழிக்கறாங்கன்னு பார்க்கலாம்னு சும்மா இருந்தேன்." எசென்குல்லின் பக்கம் திரும்பினார். "ஒண்ணு போச்சா, ரெண்டு போச்சா? சொல்லு. ஒண்ணுன்னா முகமூடியே போதும். ரெண்டும்னா பத்துப் பன்னண்டு நிமிஷம் ஆகும், நான் குழாய் இறக்கியாகணும். முழிச்சிருக்கற ஆள் தொண்டையில இரும்பை விட வைக்காதே. சொல்லுப்பா!"

"எனக்குத் தெரியாது அக்கா." பையை அமுக்கிக்கொண்டே சொன்னார். "நான் எடுக்கலை."

"ஒரு நிமிஷம்!" என்றாள் சீனாரா.

அக்கா எசென்குல்லின் கோட்டுப் பாக்கெட்டில் கையை விட்டார். அவரால் தடுக்க முடியாது. தடுத்தால் முகமூடி நழுவும், பயாலிக்கு மூச்சுப் போகாது. அவர் தடுக்கவும் முயலவில்லை, கையைத் தூக்கி இடம் கொடுத்தார். வலது பாக்கெட்டிலிருந்து நான்கைந்து தயிர் உருண்டைகள், காய்ந்து கல்லாகிப்போனவை, கம்பளத்தில் உருண்டன. இடது பாக்கெட்டில் கைக்குட்டையும் பேருந்து டிக்கெட்டும். அக்கா கால்சட்டைப் பையையும் உதறினார்.

நான் எத்தனை வீட்டில் எத்தனை பேரை இப்படி உதறியிருக்கிறேன். அவர்களெல்லாம் என்னைத் திட்டினார்கள், சபித்தார்கள், ஒரு கிழவர் செருப்பை எறிந்தார். இப்படிக் கையைத் தூக்கி இடம் கொடுத்தவர் யாருமில்லை. என் உள்பாக்கெட் நெஞ்சில் சுட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும் என்று எனக்குத் தெரியும். குப்பியை வெளியே பனியில் எறிந்துவிடலாம். நாய்க்காரர் போவார், நான் இருப்பேன். யாரும் என்னைக் கேட்கப்போவதில்லை. இந்தக் கணக்கை நான் போட்டேன். அதைச் சொல்லத்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"ரெண்டு நிமிஷம்" என்றாள் சீனாரா.

அக்கா பெட்டியைத் திறந்து, தொண்டையைத் திறக்கும் இரும்புக் கருவியை எடுத்தார். விளக்கைச் சரிபார்த்தார். பயாலியின் திறந்த கண்களுக்கு நேர் மேலே அந்த இரும்பு வந்தது.

"வேண்டாம் அக்கா" என்றேன். பாக்கெட்டைக் கவிழ்த்தேன். உப்புநீர்க் குப்பிகளோடு எழுத்தில்லாத ஒரு குப்பி வந்தது. "ரெண்டையும் காலையில நான்தான் எடுத்தேன். இது மிச்சம். ஒண்ணுதான் போச்சு. அதுவும் முழுசாப் போகலை."

அக்கா என்னைப் பார்த்தார். இரும்பை மடக்கிப் பெட்டியில் வைத்துவிட்டு, எசென்குல்லுக்கு எதிரே மண்டியிட்டு முகமூடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எசென்குல் பையை அமுக்கினார். "மூணு ஆயிடுச்சு அண்ணே. பாதி தாண்டிட்டோம்" என்று காதில் சொன்னார். "நாலு. உங்க வீட்டம்மா நல்லாக் கணக்கு வெச்சுக்கறாங்க."

ஐந்தாவது நிமிடத்தில் பயாலியின் வயிறு விக்கல் போல ஒரு தடவை குலுங்கியது. பிறகு விரல். பிறகு தானாக ஒரு மூச்சு, கோணல்மாணலாக. கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. சீனாரா கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதாள். நான் சுவரோரம் நின்றேன். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அவரை இறக்கிவிட்டுத் திரும்பும்போது அக்கா முன்னால் டிரைவரோடு உட்கார்ந்துகொண்டார். பின்னால் நாங்கள் இருவர் மட்டும்.

"அண்ணே" என்றேன்.

எசென்குல் பையின் முகமூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அந்த நாய் எப்படிச் சாகலைன்னு கேட்டியே. மஞ்சள் நாய். ஊசி பட்டு விழுந்து என்னையே பார்த்துது. எனக்கு என்னமோ ஆச்சு. வாயைப் பொத்தி மூக்கு வழியா ஊதினேன். கூட இருந்தவனுங்க சிரிச்சானுங்க. ஆறு நிமிஷம் ஊதினேன். எழுந்து உதறிட்டுப் போயிடுச்சு. மறுநாள் நான் வேலைக்குப் போகலை." முகமூடியை மாட்டினார். "அன்னைக்குக் கையில பை இல்லையேன்னுதான் இப்ப தோள்லயே வெச்சிருக்கேன்."

விசாரணை நடந்தது. என்னைப் படிப்பிலிருந்து நிறுத்தினார்கள். வசந்தத்துக்குப் பிறகு மறுபடி விண்ணப்பிக்கலாம், சேர்ப்பது அவர்கள் இஷ்டம். சுலைக்கா அக்கா எசென்குல்லிடம் வகுப்பு முன்னால் மன்னிப்புக் கேட்டாராம். அவர் வெட்கப்பட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

மூன்றாம் நாள் பொரித்த மாவுருண்டையும் ஜாமும் எடுத்துக்கொண்டு பயாலியைப் பார்க்கப் போனேன். திட்டுவார் என்று தயாராகத்தான் போனேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உட்காரு" என்றார். "நீ குப்பியை மாத்தினதை நான் மன்னிச்சிடுவேன். நானும் தப்பு டயரை மாட்டி அனுப்பியிருக்கேன். அதில்லை." கூரையைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தார். "எனக்கு எல்லாம் கேட்டுது தங்கச்சி. கண்ணு தெரிஞ்சுது. நீ 'நாய்க்காரா, கொன்னுட்டியே'ன்னு கத்தினே. அந்த ஆள் என் மூஞ்சியில எதையோ வெச்சு அமுக்கறார். நான் என்ன நினைப்பேன்? இவன்தான் கொல்றான், இன்னும் முடிக்கலைன்னு நினைச்சேன். 'பயப்படாதீங்க'ன்னு காதுல சொன்னார். கொல்றவனும் அப்படித்தானே சொல்லுவான்? நீ உண்மையைச் சொன்ன பிறகும் மனசு கேக்கலை. அஞ்சு நிமிஷமும் அந்தக் கை எப்ப விலகும், எப்ப விலகும்னு கிடந்தேன். அந்தக் கை விலகியிருந்தா செத்திருப்பேன்."

நான் கொண்டுவந்த பொட்டலத்தை மேசையில் வைத்தேன்.

"நேத்து அவர் பார்க்க வந்தார். யாருன்னு தெரியும். என்ன செஞ்சார்னு தெரியும். ஆனா போர்வையைச் சரி பண்ணக் கையை நீட்டினார் பாரு, என் உடம்பு தூக்கிப் போட்டுது. அவருக்கும் தெரிஞ்சிடுச்சு. கையை எடுத்துக்கிட்டார். இன்னைக்கும் வர்றேன்னு சொன்னார். வேண்டாம்னு அந்த மனுஷன்கிட்ட எந்த வாயால சொல்லுவேன்? நீ சொல்லேன்."

வெளியே நடைபாதை பெஞ்சில் எசென்குல் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு ஜாடி தயிர், பக்கத்தில் அந்தப் பை. என்னைக் கண்டதும் எழுந்தார்.

"முழிச்சிருக்காரா?"

சொல்லியிருக்கலாம். உங்களைப் பார்த்தால் அவருக்கு நடுங்குகிறது, அதற்குக் காரணம் என் வாய் என்று. நான் சொன்னது வேறு. "தூங்கறார் அண்ணே. ரொம்ப நேரம் தூங்குவாராம். இனிமே யாரும் பார்க்க வரவேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டார்."

கதவு பாதி திறந்துதான் இருந்தது. உள்ளே பயாலி இருமியது எனக்கே கேட்டது. எசென்குல் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நானாக இருந்தால் அந்த இடத்திலேயே ஆளைப் பிடித்திருப்பேன்.

"சரி" என்று தயிர் ஜாடியை என் கையில் கொடுத்தார். "எழுந்ததும் நீயே குடுத்துடு புருல். நான் குடுத்தேன்னு சொல்லவேண்டாம்." பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார்.